ஹார்டுவேர் டீகோடரா, சாஃப்ட்வேர் டீகோடரா: எதை எங்கே வைப்பது?

வீடியோ பிளேயர் செட்டிங்ஸில் "டீகோடர்" என்று ஒரு வரி இருக்கும். எம்எக்ஸ் பிளேயர் என்றால் எச்டபிள்யூ (ஹார்டுவேர்), எச்டபிள்யூ பிளஸ், எஸ்டபிள்யூ (சாஃப்ட்வேர்) என்று மூன்று தேர்வுகள். விஎல்சியில் அதுவே ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் என்ற பெயரில் இருக்கும். படம் ஓடாத நேரத்தில்தான் நம்மில் பலர் அந்தப் பக்கமே போவோம். ஒன்றை மாற்றிப் பார்ப்போம், ஓடினால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவோம், அப்புறம் போன் ஏன் இப்படிக் கொதிக்கிறது, லேப்டாப் ஃபேன் ஏன் இரைகிறது என்று வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாடம் பார்ப்பதற்கு ஹார்டுவேர் டீகோடர் போதும், அதுதான் சரியும்கூட. சில குறிப்பிட்ட வகை ஃபைல்களுக்கும் வேலைகளுக்கும் மட்டும் சாஃப்ட்வேருக்கு மாறலாம். "படம் நன்றாகத் தெரிய வேண்டும்" என்ற ஒரே காரணத்துக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும் தேவையில்லாத வேலை. ஏன் என்று கீழே.

டீகோடர் என்ற சொல் பல இடங்களில் அடிபடுவதால் குழப்பம் வருவது இயல்பு. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியையும் டீகோடர் என்கிறார்கள், ஆம்ப்ளிஃபயரின் விவரத் தாளில் டால்பி டீகோடர் என்று போட்டிருக்கும், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு அது மூன்று உள்ளீட்டை வைத்து எட்டு வெளியீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 74138 சிப். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றேதான்: சுருக்கமான குறியீடாக வந்ததை வாங்கி, அடுத்த கட்டம் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் விரித்துக் கொடுப்பது. நாம் முடிவெடுக்க வேண்டியது அந்த வேலையை யார் செய்வது என்பதைத்தான்.

வேலை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்தத் தேர்வுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று புரியும். 4கே படம் என்றால் 3840 பெருக்கல் 2160, அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். வழக்கமான 8 பிட் வண்ண அமைப்பில் ஒரு ஃபிரேம் மட்டும் ஏறக்குறைய 12.4 எம்பி வரும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 746 எம்பி. ஆனால் இணையத்தில் நமக்கு வந்து சேருவது 20 மெகாபிட் ஸ்ட்ரீம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு வெறும் 2.5 எம்பிதான். 2.5 உள்ளே போய் 746 ஆக வெளியே வர வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி நொடிக்குள் தயாராக வேண்டும், ஒன்று தாமதமானாலும் கண்ணில் பட்டுவிடும்.

இதைச் செய்ய இரண்டு வழி. ஒன்று, சிபியுவில் ஓடும் புரோகிராம்: எஃப்எஃப்எம்பெக், டேவிட் போன்றவை. இதுதான் சாஃப்ட்வேர் டீகோடிங். இன்னொன்று, இந்த ஒரே வேலைக்காக சிப்புக்குள்ளேயே செதுக்கப்பட்ட ஒரு தனிப் பகுதி. இதுதான் ஹார்டுவேர் டீகோடர். இன்டெல் அதை க்விக் சிங்க் என்கிறது, என்விடியாவில் என்விடெக், ஏஎம்டியில் முன்பு யுவிடி, இப்போது விசிஎன்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "ஜிபியு டீகோடிங்" என்றதும் கேம் ஓட்டும் அந்த ஆயிரக்கணக்கான கோர்கள்தான் படத்தையும் விரிக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வீடியோவின் பிட்களைப் பிரித்துப் படிக்கும் முதல் கட்டத்தில், இந்தப் பிட்டுக்கு என்ன அர்த்தம் என்பது இதற்கு முன் வந்த பிட்களைப் பொறுத்துத்தான் தெரியும். அதனால் வேலையை ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. இதற்கென்றே தனிச் சுற்று வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு உயர்ந்தது என்பதற்கும் அதன் டீகோடர் எவ்வளவு நல்லது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது, எந்தத் தலைமுறை என்பதுதான் கணக்கு. 2017-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அன்றைக்கு கேமிங்கில் ராஜா, ஆனால் ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்துக்கு அதனிடம் ஹார்டுவேர் டீகோடர் கிடையாது. 2020-ல் வந்த இன்டெல் டைகர் லேக் லேப்டாப் சிப்பில், அதுவும் உள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸில், இருக்கிறது. தலைமுறையை மட்டும் நம்பினாலும் சில நேரம் ஏமாறலாம்: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் ஏவி1 டீகோட் உண்டு என்று நம்பி 6500 எக்ஸ்டி வாங்கினால் அதில் அது வெட்டப்பட்டிருக்கும்.

ஹார்டுவேர் டீகோடர் ஓர் அச்சு மாதிரி. அதற்கென்று செய்த வடிவம் வந்தால் மின்சாரம் செலவாவதே தெரியாமல் தள்ளிவிடும். வடிவம் கொஞ்சம் மாறினாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அப்டேட் போட்டு அதை மாற்றவும் முடியாது. சாஃப்ட்வேர் டீகோடர் எதையும் கற்றுக்கொள்ளும், ஆனால் சிபியுவை வேலை வாங்கும்.

சரி, தரம். ஹார்டுவேரில் படம் மங்கலாக இருக்கிறது, சாஃப்ட்வேரில் "ஷார்ப்பாக" இருக்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். எச்.264 முதல் இன்றுவரை வந்த முக்கிய வீடியோ வடிவங்களில், டீகோடர் என்ன விடை தர வேண்டும் என்பது கடைசி பிட் வரை வரையறுக்கப்பட்டிருக்கிறது. எம்பெக்-2 காலத்தில் கணக்கீட்டில் சின்னச் சின்ன வித்தியாசத்துக்கு இடம் இருந்தது, டீகோடருக்கு டீகோடர் கொஞ்சம் மாறலாம். 2003-ல் எச்.264 வந்தபோது முழு எண் கணக்குக்கு மாற்றி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். விதிப்படி நடக்கும் இரண்டு டீகோடர்கள் ஒரே ஃபைலில் இருந்து ஒரே படத்தைத்தான் தர முடியும். (தரத்தில் விளையாட இடம் இருப்பது என்கோடருக்குத்தான், அதாவது படத்தைச் சுருக்குகிறவருக்கு. என்கோடர் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று இந்த விதிகள் சொல்வதில்லை. ஹார்டுவேர் என்கோடர் தரத்தில் குறைந்தது என்று கேள்விப்பட்டதை டீகோடர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.)

அப்படியானால் கண்ணுக்குத் தெரிகிற அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டீகோட் முடிந்த பிறகு நடப்பவற்றில் இருந்து. 1080 படத்தை 4கே திரைக்குப் பெரிதாக்கும் முறை, பழைய இன்டர்லேஸ் படத்தின் கோடுகளைச் சேர்க்கும் முறை, கறுப்பை 16-ல் தொடங்குவதா 0-வில் தொடங்குவதா என்ற வரம்பு, பிடி.601-ஆ 709-ஆ என்ற வண்ணக் கணக்கு. பாதை மாறும்போது இவையும் சேர்ந்து மாறிவிடும், டிரைவர் தன் பங்குக்கு ஷார்ப்னஸும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டுவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் வரம்பைப் பாருங்கள், மனிதர்களின் முகம் லேசாகப் பச்சை அல்லது சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் வண்ணக் கணக்கைப் பாருங்கள். டீகோடரை மாற்றியதும் அது சரியானதுபோலத் தோன்றலாம், ஆனால் நோய் அங்கே இல்லை.

ஹார்டுவேரின் பக்கம் நியாயம் என்றால் பேட்டரிதான், வெப்பம்தான். போனில் ஒன்றரை மணி நேரம் படம் பார்ப்பவருக்கு அது ஒன்றே போதுமான காரணம். சிபியு முழுக்க வேறு வேலைக்குக் காலியாக இருப்பது இரண்டாவது லாபம். ஒரே திரையில் பத்து பன்னிரண்டு கேமராக்களின் காட்சியை ஓடவிடுகிற கண்காணிப்பு வேலைக்கு சாஃப்ட்வேர் டீகோடரை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இனி சாஃப்ட்வேர் ஜெயிக்கும் இடங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செட்டிங்ஸில் போய்த் தடுமாறுவது இங்கேதான்.

10 பிட் எச்.264 ஃபைல்கள். அனிமே ரசிகர்கள் ஒரு காலத்தில் இதை மிகவும் விரும்பினார்கள், வண்ணப் பட்டைகள் குறையும், ஃபைலும் சிறிதாகும் என்று. ஆனால் சிப் தயாரிப்பாளர்கள் இந்த வகையைக் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாகக் கைவிட்டுவிட்டார்கள். ஹார்டுவேரில் போட்டால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பச்சையும் ரோஸும் கட்டம் கட்டமாகச் சிதறும். அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். சாஃப்ட்வேருக்கு மாற்றினால் ஓடும். இதில் குழப்பம் என்னவென்றால், அடுத்து வந்த எச்.265-ல் 10 பிட் என்பது சர்வ சாதாரணம், ஹார்டுவேர் நன்றாகவே ஓட்டும். "10 பிட்" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, எந்த வடிவத்தில் 10 பிட் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கேமராவில் இருந்து நேரடியாக வரும் 4:2:2 வண்ண ஃபைல்கள். எடிட்டிங் செய்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் 4:2:0, அதாவது வண்ணத் தகவல் குத்துவாட்டிலும் படுக்கைவாட்டிலும் பாதி. 4:2:2-ல் படுக்கைவாட்டில் மட்டும்தான் பாதி. எச்.265 4:2:2 10 பிட்டை இன்டெல் 11-ம் தலைமுறையும் ஆப்பிளின் எம் வரிசை சிப்களும் ஹார்டுவேரிலேயே விரிக்கும். என்விடியாவில் அது 2025-ல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. விலை உயர்ந்த முந்தைய கார்டை வைத்துக்கொண்டு டைம்லைனில் ஃபைல் திக்கித் திணறுகிறதே என்று யோசிப்பவர்களுக்குப் பாதி விடை இது. இங்கே சாஃப்ட்வேர் டீகோடிங் ஓடும், ஆனால் இழுத்து இழுத்து ஓடும். எடிட்டிங்குக்கு ப்ராக்ஸி ஃபைல், அதாவது லேசான ஒரு நகல், தயாரித்துக்கொள்வதுதான் மானத்தைக் காக்கும் வழி.

அப்புறம் சேதமான ஃபைல்கள். பாதியில் நின்றுபோன டவுன்லோடு, கீறல் விழுந்த டிஸ்க்கில் இருந்து எடுத்தது, சிக்னல் சரியில்லாத நேரத்தில் பதிவு செய்தது. சாஃப்ட்வேர் டீகோடர் கெட்ட பகுதியைப் பக்கத்து ஃபிரேம்களை வைத்து ஒப்பேற்றிவிட்டு நகரும். ஹார்டுவேர் டீகோடர் பெரும்பாலும் அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை உறைந்து நிற்கும், சில டிரைவர்கள் அங்கேயே உயிரை விட்டுவிடும்.

பழைய, அரிதான வடிவங்களுக்கு எப்போதும் சாஃப்ட்வேர்தான். 2000-ல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இன்றுவரை பழைய கேம்களுக்குள் இருந்த குட்டி வீடியோக்களைக்கூட விரிக்கிறது. அந்த வடிவங்களுக்கெல்லாம் எவரும் சிப்பில் இடம் ஒதுக்கப் போவதில்லை. சின்னச் சின்ன வேலைகளிலும் சாஃப்ட்வேர்தான் வேகம்: நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கு ஃபைலுக்கு ஒன்றாகச் சின்னப் படம் (தம்ப்நெயில்) எடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் ஹார்டுவேரைத் தயார் செய்யும் நேரத்திலேயே சாஃப்ட்வேர் வேலையை முடித்துவிடும்.

படத்தின்மேல் ஃபில்டர் போடுகிறவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஹார்டுவேர் விரித்த ஃபிரேம் கிராஃபிக்ஸ் நினைவகத்திலேயே இருக்கும், அங்கிருந்து நேராகத் திரைக்குப் போய்விடும். சிபியுவில் ஓடும் ஃபில்டர்கள் அதைத் தொட முடியாது. "காப்பி" என்று பெயரோடு வரும் மோடுகள் அதற்காக ஃபிரேமை மெயின் மெமரிக்குத் திருப்பி எடுத்து வருகின்றன. 10 பிட் 4கே என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 25 எம்பி, நொடிக்கு 60 என்றால் 1.5 ஜிபி அங்கும் இங்கும் ஓடுகிறது. ஹார்டுவேரால் மிச்சமானதில் ஒரு பகுதியை இந்தப் போக்குவரத்தே தின்றுவிடும். ஃபில்டர் எதுவும் போடவில்லை என்றால் காப்பி மோடு வேண்டாம்.

எம்பிவி பிளேயரை உருவாக்குகிறவர்கள் இவ்வளவையும் யோசித்துத்தான் சாஃப்ட்வேர் டீகோடிங்கை இயல்பாக வைத்திருக்கிறார்கள், ஹார்டுவேர் வேண்டுமென்றால் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். மேசைக் கணினியில், மின்சாரம் சுவரில் இருந்து வருகிற இடத்தில், சிபியு சமீபத்தியதாக இருக்கும் பட்சத்தில், அந்த வாதம் நியாயமானது. லேப்டாப்பில் அதை அப்படியே பின்பற்ற மாட்டேன். கன்ட்ரோல் எச் அழுத்தினால் அங்கேயே மாறிக்கொள்ளலாம், ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சிபியு வேகம் கூடக்கூட இந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2012-ல் வந்த முதல் பையில் எம்பெக்-2 ஹார்டுவேர் டீகோடர் சிப்பிலேயே இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. உரிமக் கட்டணம் கட்டிச் சாவி வாங்கினால்தான் திறக்கும். 2019-ன் பை 4-ல் எச்.264, எச்.265 இரண்டுக்கும் ஹார்டுவேர். 2023-ன் பை 5-ல் எச்.264 ஹார்டுவேர் டீகோடரையே எடுத்துவிட்டார்கள், எச்.265 மட்டும் மிச்சம். பலர் கொதித்துப் போனார்கள். ஆனால் புதிய சிபியு 1080 எச்.264-ஐ சாஃப்ட்வேரிலேயே சிரமமில்லாமல் விரித்துவிடுகிறது. ஹார்டுவேர் இல்லை என்பதே ஒரு குறை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏவி1 விஷயம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 2018-ல் வடிவம் வெளியானபோது ஹார்டுவேர் எங்கும் இல்லை. விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் குழுவினர் டேவிட் என்ற சாஃப்ட்வேர் டீகோடரை எழுதினார்கள். அதில் பெரும்பகுதி அசெம்பிளி, ஒவ்வொரு சிபியு வகைக்கும் கையால் எழுதியது. அது இவ்வளவு வேகமாக அமைந்ததால்தான் ஹார்டுவேர் வரும்வரை ஏவி1 தாக்குப்பிடித்தது என்பது என் கருத்து. இன்று பிக்சல் 6, ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2, ஐபோன் 15 ப்ரோவின் ஏ17 ப்ரோ, மேக்கில் எம்3 ஆகியவற்றில் இருந்து ஹார்டுவேர் டீகோடர் உண்டு. அதற்கு முந்தைய பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏவி1 ஓடினால் அது சாஃப்ட்வேரில் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம்: 720-ல் படம் தடங்கல் இல்லாமல் ஓடும், சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். ஆப்பிள் வேறு வழியில் போகிறது, ஹார்டுவேர் இல்லாத சாதனத்தில் சஃபாரி ஏவி1-ஐ ஏற்பதே இல்லை.

இதில் நாம் செய்யக்கூடியது என்ன? யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோவின்மேல் வலது கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்தால் கோடெக்ஸ் என்ற வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 என்று ஏதாவது ஒன்று இருக்கும். முதலாவது ஏவி1, இரண்டாவது விபி9, மூன்றாவது எச்.264. அதே இடத்தில் எத்தனை ஃபிரேம் தவறியது என்ற எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும், அது ஏறிக்கொண்டே போனால் சாதனம் திணறுகிறது. யூடியூப் கணக்கின் பிளேபேக் செட்டிங்ஸில் ஏவி1-ஐ எப்போதும் விரும்புவதா, குறைந்த தெளிவுக்கு மட்டுமா என்று ஒரு தேர்வு உண்டு. பழைய லேப்டாப் என்றால் எச்.264 மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, போட்டால் ஃபேன் சத்தம் அடங்கிவிடும். ஒரு விலை உண்டு: யூடியூப் எச்.264-ஐ 1080 வரைதான் தருகிறது. பழைய லேப்டாப்பின் திரைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு என்று போனால் வீடியோ டீகோட் என்று தனி வரைபடம் இருக்கும் (சில கார்டுகளில் பெயர் கொஞ்சம் மாறும்). படம் ஓடும்போது அது அசையாமல் பூஜ்ஜியத்தில் கிடந்து சிபியு மட்டும் ஏறினால், செட்டிங்ஸில் என்ன எழுதியிருந்தாலும் ஓடுவது சாஃப்ட்வேர்தான். ஆண்ட்ராய்டில் கோடெக் பட்டியல் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. டீகோடரின் பெயர் "சி2 டாட் ஆண்ட்ராய்டு" என்றோ "ஓஎம்எக்ஸ் டாட் கூகுள்" என்றோ தொடங்கினால் அது சாஃப்ட்வேர். "சி2 டாட் க்யூடிஐ" என்றால் குவால்காமின் ஹார்டுவேர், "சி2 டாட் எம்டிகே" என்றால் மீடியாடெக்கின் ஹார்டுவேர். விளம்பரத்தில் "ஏவி1 சப்போர்ட்" என்று போட்டிருப்பது இரண்டில் எது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

எம்எக்ஸ் பிளேயரின் அந்த எச்டபிள்யூவுக்கும் எச்டபிள்யூ பிளஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: முதலாவது ஆண்ட்ராய்டின் சொந்த பிளேயரிடமே ஃபைலைக் கொடுத்துவிடும், இரண்டாவது ஃபைலைத் தானே பிரித்துப் படித்துவிட்டு ஹார்டுவேர் டீகோடரை மட்டும் நேரடியாகப் பயன்படுத்தும். இரண்டு மூன்று ஆடியோ டிராக், உள்ளேயே வசன வரி என்று வரும் ஃபைல்களுக்கு எச்டபிள்யூ பிளஸ் நல்லது. அதையே நிரந்தரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு ஃபைல் மக்கர் செய்தால் மட்டும் திரையிலேயே எஸ்டபிள்யூவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் விருப்பம் எதுவும் செல்லாத ஓர் இடமும் இருக்கிறது. கட்டணம் கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் தளங்களில் பல, வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே நடக்கும். எல்3 என்றால் சாஃப்ட்வேரில். எல்3 சாதனத்துக்குப் பெரும்பாலான தளங்கள் எச்டி தருவதில்லை. டேப்லெட் வாங்கும்போது திரையின் தெளிவை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால், பளபளப்பான திரையில் மங்கலான படம்தான் மிஞ்சும்.

ஆடியோவில் கேள்வியே வேறு மாதிரி. அங்கே யார் செய்தாலும் வேலை லேசானது, சிபியுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிளேயரே விரித்து அனுப்புவதா, இல்லை சுருக்கிய நிலையிலேயே ஆம்ப்ளிஃபயருக்கோ சவுண்ட்பாருக்கோ கொடுத்து அது விரிக்கட்டும் என்று விடுவதா என்பதுதான் தேர்வு. இரண்டாவதுக்குப் பாஸ்த்ரூ என்று பெயர். இரண்டு ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிளேயரே விரிக்கட்டும். பாஸ்த்ரூ போட்டால் பிளேயரின் ஒலி அளவு வேலை செய்யாது, படத்தை 1.25 வேகத்தில் ஓட்ட முடியாது, சில கருவிகளில் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் அரை நொடி சத்தம் விழுங்கப்படும். இத்தனையும் பொறுத்துக்கொள்ள இரண்டு நல்ல காரணங்கள்தான் உண்டு. ஒன்று, டால்பி அட்மாஸ்: எஃப்எஃப்எம்பெக் வகை டீகோடர்கள் அடிப்படை 5.1 அல்லது 7.1-ஐ விரித்துவிட்டு, ஒலி எந்தத் திசையில் நகர்கிறது என்ற கூடுதல் தகவலை விட்டுவிடும். இரண்டு, கம்பி: ஆப்டிகல் கேபிளில் விரித்த ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது, 5.1 வேண்டுமென்றால் சுருக்கியே அனுப்ப வேண்டும். டிவியில் இருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் சாதாரண எச்டிஎம்ஐ ஏஆர்சியிலும் நடைமுறையில் இதே கதைதான், அதன் அடுத்த வடிவமான ஈஏஆர்சி வந்த பிறகுதான் ட்ரூஎச்டி போன்ற பெரிய வடிவங்களுக்கு வழி திறந்தது. கம்பி நேராக எச்டிஎம்ஐயில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது, அட்மாஸும் இல்லை என்றால், 5.1-ஐ பிளேயர் விரித்தாலும் ஆம்ப்ளிஃபயர் விரித்தாலும் காதுக்கு ஒன்றுதான்.

டிவி பெட்டி பற்றிச் சுருக்கமாக. ஒளிபரப்பு டீகோடர் என்பது உண்மையில் மூன்று வேலைக்காரர்கள் ஒரே பெட்டிக்குள்: சிக்னலைப் பிடிக்கும் ட்யூனர், சந்தாப் பூட்டைத் திறக்கும் பகுதி, படத்தை விரிக்கும் பகுதி. பழைய பெட்டி புதிய சேனலைக் காட்டவில்லை என்றால் மூன்றில் எது மாட்டிக்கொண்டது என்று பாருங்கள். டிவிபி-எஸ் என்ற பழைய சாட்டிலைட் முறை மட்டும் தெரிந்த ட்யூனருக்கு டிவிபி-எஸ்2 சிக்னல் கண்ணிலேயே படாது, சேனல் பட்டியலிலேயே வராது. எம்பெக்-2 மட்டும் விரிக்கத் தெரிந்த பெட்டியில் எச்.264 சேனலுக்குப் பெயர் வரும், சில நேரம் சத்தம்கூட வரும், படம் வராது. டிவியிலேயே ட்யூனரும், பூட்டைத் திறக்கும் சிஏஎம் கார்டு செருகும் இடமும் இருந்து, சந்தா நிறுவனமும் அந்தக் கார்டைத் தருவதாக இருந்தால், தனிப் பெட்டி வேண்டாம், ஒரு ரிமோட் மிச்சம்.

ஆனால் பென் டிரைவில் இருந்து படம் பார்க்க டிவியின் உள் டீகோடரை நம்புவதற்கும், வெளியே ஒரு சின்ன மீடியா பிளேயர் பெட்டி வைப்பதற்கும் இடையில் கேட்டால், நான் வெளிப்பெட்டி பக்கம். டிவியின் ஆதரவுப் பட்டியல் மாடலுக்கு மாடல் மாறும், காரணம் பெரும்பாலும் உரிமக் கட்டணம். சாம்சங் 2018-ல் இருந்து டிடிஎஸ் ஒலியைக் கைவிட்டது, எல்ஜி 2020-ல் கைவிட்டு 2023-ல் சில மாடல்களுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. டிவியில் பிளேயரை மாற்றிக்கொள்வது கடினம். பெட்டியில் விஎல்சியோ கோடி (Kodi) என்ற பிளேயரோ போட்டால் ஹார்டுவேர் கைவிட்ட இடத்தில் சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும், படத்துக்கு இல்லாவிட்டாலும் ஒலிக்காவது.

புதிதாக எதையாவது வாங்கப் போகிறவர்கள் "4கே சப்போர்ட்" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம், அது திரைக்கு அனுப்பும் அளவைச் சொல்கிறதா, விரிக்கும் அளவைச் சொல்கிறதா, நொடிக்கு 30-ஆ 60-ஆ என்று எதுவும் அதில் இல்லை. விவரத் தாளில் எச்.264, எச்.265 மெயின் 10, விபி9 ப்ரொஃபைல் 2, ஏவி1 மெயின் என்ற நான்கும் ஹார்டுவேர் டீகோட் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் முதல் மூன்றும் 7-ம் தலைமுறையில் இருந்தே உண்டு, நான்காவது 11-ல் இருந்து. 2020-ல் வந்த எச்.266-க்கும் ஹார்டுவேர் வரத் தொடங்கிவிட்டது, 2024-ன் லூனார் லேக்கில் இருக்கிறது; அந்த வடிவத்தில் நாம் பார்க்கக்கூடிய படங்கள் அரிது என்பதால் அதற்காக வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.